கேமராவை ஏன் கீழே போடவில்லை?

நண்பர்களுக்கு வணக்கம்.

பேய்ப் படம் பற்றிப் பேச்சு என்றதும் பாதிப் பேர் முன்வரிசைக்கு வந்துவிட்டீர்கள். மீதிப் பேர் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சரி, இரண்டு தரப்புக்கும் பொதுவாகவே பேசுகிறேன்.

காணாமல் போனவர்கள் எடுத்த வீடியோ பிற்பாடு யார் கையிலோ கிடைத்தது என்ற பாவனையில் வருகிற படங்களைத்தான் ‘ஃபவுண்ட் ஃபுட்டேஜ்’ என்கிறோம். நட்சத்திரம் வேண்டாம், செட் வேண்டாம், கிரேன் வேண்டாம். அதனாலேயே குறும்படம் எடுத்துப் பழகிய தம்பிகள் முதலில் இதில்தான் கை வைக்கிறார்கள். ஒரு பாழடைந்த வீடு, நாலு நண்பர்கள், ஆடிக்கொண்டே இருக்கும் ஷாட்டுகள். பத்தாவது நிமிடத்தில் பார்ப்பவர் செல்போனை எடுத்துவிடுகிறார்.

படம் மங்கலாக இருந்தால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். நடிப்பு சுமாராக இருந்தாலும் பொறுத்துக்கொள்வார். ஆனால், உயிர் போகிற நேரத்தில் இவன் ஏன் கேமராவைத் தூக்கிக்கொண்டே ஓடுகிறான் என்று ஒருமுறை கேட்டுவிட்டாரானால், அப்புறம் எந்தப் பேய் வந்தும் பிரயோஜனம் இல்லை.

1999இல் வெளியான ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ படத்துக்கு வருவோம். ஒரு சூனியக்காரி கதையைப் பற்றி ஆவணப்படம் எடுக்கக் காட்டுக்குள் போன ஹெதர், ஜோஷ், மைக் என்ற மூன்று பேர் காணாமல் போகிறார்கள், இதுதான் கதை. அமெரிக்காவின் மேரிலாந்துக் காட்டில் எட்டே நாளில் முக்கியப் படப்பிடிப்பு முடிந்தது. உலகம் முழுக்க வசூல் சுமார் 24 கோடியே 80 லட்சம் டாலர். மூன்று நடிகர்களும் சொந்தப் பெயரிலேயே நடித்தார்கள். கேமராவைப் பிடித்ததும் அவர்களேதான். அன்றன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்புகளைக் காட்டில் ஆங்காங்கே வைத்துவிட்டு இயக்குநர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். நாளாக ஆகச் சாப்பாட்டையும் குறைத்தார்கள். திரையில் தெரிகிற எரிச்சலில் பாதி, நிஜப் பசி.

இணையதளம், ‘காணவில்லை’ சுவரொட்டி என்று நடந்த விளம்பரத்தைத்தான் எல்லோரும் பெரிதாகச் சொல்வார்கள். விளம்பரம் கூட்டத்தைக் கொண்டுவந்து உட்கார வைத்தது, மறுக்கவில்லை. உட்கார்ந்தவரைப் பிடித்து வைத்தது எது? ஹெதர் கேமராவை அணைக்காததற்குக் காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. அவள் ஆவணப்படம் எடுக்க வந்தவள், கூட்டிவந்தவளும் அவளே. வழி தப்பியது தன்னால்தான் என்பதைப் பார்க்காமல் இருக்க அவளுக்கு அந்த லென்ஸ் தேவைப்படுகிறது. ஜோஷ் இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிக் காட்டுகிறான்.

சூனியக்காரி கடைசிவரை திரையில் வருவதே இல்லை. படத்தின் தொடக்கத்தில் ஊர்க்காரர் ஒருவர், குழந்தைகளைக் கொன்றவன் ஒரு குழந்தையை மூலையைப் பார்த்து நிற்க வைப்பான் என்று போகிறபோக்கில் சொல்வார். கடைசி ஷாட்டில் மைக் மூலையைப் பார்த்து நிற்கிறான், அவ்வளவுதான். ஒப்பனைக்கும் கிராஃபிக்ஸுக்கும் ஒரு பைசா செலவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன் காதில் விழுந்த ஒரு வாக்கியம் அந்த இடத்தில் வேலை செய்கிறது.

அடுத்தது ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’. இதன் இயக்குநர் ஓரன் பெலி கணினி விளையாட்டு நிரலாளராக இருந்தவர். சான் டியாகோவில் தன் சொந்த வீட்டிலேயே ஏறக்குறைய 15,000 டாலரில் எடுத்தார். அந்தப் படுக்கையறை ஷாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ராத்திரியில் வீட்டில் என்ன நடக்கிறது என்று பதிவு செய்ய கேட்டியும் அவள் காதலனும் வைத்த கேமரா டிரைபாடில் நிற்கிறது. வலப்பக்கம் கட்டில், இடப்பக்கம் திறந்த கதவு, கதவுக்கு அப்பால் இருட்டு. கீழ் மூலையில் மணி ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் சொல்லாமலே நம் கண் கதவுக்குப் போகிறது. ஓர் இரவு கேட்டி எழுந்து, தூங்குகிற கணவனையே... மன்னிக்கவும், காதலனையே பார்த்தபடி நிற்கிறாள். கடிகாரம் வேகமாக ஓடுகிறது. மணிக்கணக்கில் அவள் அசையவில்லை. கேமராவை ஆட்டினால்தான் பயம் வரும் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு காட்சியை நாலு தடவை பார்க்கலாம்.

ஸ்பெயினின் ‘ரெக்’ (2007) இந்தக் கேள்வியை வேறு மாதிரி தீர்த்தது. அதில் வருபவர்கள் தொலைக்காட்சிக்காரர்கள். பதிவு செய்வதுதான் அவர்கள் பிழைப்பு. கடைசியில் விளக்கு உடைந்ததும் இருட்டில் பார்க்க, இரவுப் பார்வை வசதியுள்ள அந்தக் கேமராவை விட்டால் வேறு வழியில்லை. கீழே போட்டால் குருடாகிவிடுவார்கள்.

தோற்ற படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ‘அப்போலோ 18’ நிலவில் நடக்கிறது. போனவர்கள் யாரும் திரும்பவில்லை. அப்படியென்றால் அங்கே கிடந்த பிலிமை யார் எடுத்து வந்தது என்று தியேட்டரிலிருந்து வெளியே வரும்போதே கேட்டார்கள். இன்னும் சில படங்களில் பயம் வர வேண்டிய இடத்தில் வயலின் கேட்கிறது. காணாமல் போனவன் வயலின் வித்வானையும் கூட்டிக்கொண்டா காட்டுக்குப் போனான்? பணம் குறைவு என்றதும் முதலில் ஒலிப்பதிவில் கை வைப்பதும் பெரிய தப்பு. இருட்டைக் காட்டுகிற படத்தில் பாதிக் கதையைச் சொல்வது காது. மாடியில் நடக்கிற சத்தம் டப்பிங் அறையில் போட்டது மாதிரிக் கேட்டால் அந்த வீட்டுக்கு மாடியே இல்லாமல் போய்விடும்.

2020இல் ஊரடங்கின்போது ராப் சாவேஜ் ‘ஹோஸ்ட்’ எடுத்தார். ஸூம் அழைப்பில் சில தோழர்கள் ஆவியை அழைக்கிறார்கள். படமே ஒரு மணி நேரம்கூட வராது. இயக்குநர் எந்த வீட்டுக்கும் போகவில்லை, நடிகர்களே அவரவர் வீட்டில் விளக்கும் கேமராவும் வைத்துக்கொண்டார்கள். இவர்கள் ஏன் லேப்டாப்பை மூடவில்லை என்று அந்த வருடம் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நாமும் அப்போது அதைத் திறந்துவைத்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தோம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். கதவுப் பக்கம் இருப்பவர்களுக்கு முதல் வாய்ப்பு.