பட்டி பார்க்கும் முன் ஈரத்தைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்தால் போதும், படுக்கையறைச் சுவர் பொரிந்து கொட்டுகிறது, உப்பு பூத்திருக்கிறது, கடையில் பட்டி, அதாவது பெயிண்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கப் பூசும் மாவு, வாங்கி நாமே பூசிவிடலாமா என்று பல வீடுகளில் பேச்சு ஆரம்பித்துவிடும். தாராளமாகப் பூசலாம், பழக்கமில்லாதவர்களும் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பூசினால் அடுத்த மழைக்கே உதிர்ந்துவிடும், காசும் போச்சு, உழைப்பும் போச்சு.

தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை வரிசையாகப் பொரிந்திருந்தால் அது பெரும்பாலும் அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதம், அதைப் பட்டியால் நிறுத்த முடியாது, அனுபவமுள்ள கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டும். மேல் மூலையில் என்றால் மொட்டை மாடியைப் போய்ப் பாருங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறையா? ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வைத்து, காலையில் பாருங்கள். இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுக்கை அடைத்த பிறகும் சுவர் காய வாரக்கணக்கில் ஆகும். அவசரப்படாதீர்கள். காய்ந்துவிட்டதா என்று தெரிய, ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒருநாள் விட்டு வையுங்கள், சுவரை ஒட்டிய பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

அப்புறம்தான் கை வேலை. மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், சிமெண்ட் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பூத்திருக்கும் உப்பைக் காய்ந்த பிரஷால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். பிறகு சுத்தியல் பிடியால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். கெட்டியான பூச்சில் சத்தம் கனமாக வரும், செங்கல்லை விட்டுக் கழன்ற பூச்சு டொக்கு டொக்கென்று ஒலிக்கும், அந்த இடம் பார்க்க நன்றாக இருந்தாலும் தயங்காமல் கொத்தி எடுத்துவிடுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் ஒயர் ஓடும், அங்கே கொத்துவதற்கு முன் மெயினை அணைத்துவிடுங்கள்.

செங்கல் தெரியும் அளவுக்குப் பள்ளம் என்றால் பட்டியால் நிரப்பாதீர்கள், வெடித்துவிடும். ஒரு பங்கு சிமெண்ட், நாலு பங்கு சலித்த பூச்சு மணல். செங்கல்லை நனைத்து, சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) அடித்து, கலவையை அழுத்திப் பூசி, மட்டப்பலகையால் இழுத்துவிட்டு ஏழு நாள் தண்ணீர் தெளித்து வாருங்கள். உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் வேண்டாம்.

அது நன்றாகக் காய்ந்தபின் பட்டி. சிமெண்ட் பட்டி என்றால் சுவரை லேசாக நனைத்துக்கொண்டு, ஒரு கோட்டுக்கு 1.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் இரண்டு கோட், காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் மேடு பள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும்.

விரிசலில் ஒரு ரூபாய் நாணயம் நுழைகிறது, நாளுக்கு நாள் அகலமாகிறது என்றால் எதையும் பூசாமல் பொறியாளரிடம் காட்டுங்கள்.

கடைசியில் பிரைமர் ஒரு கோட், அப்புறம் பெயிண்ட். பழுது பார்த்த இடத்துக்கு மட்டும் அடிக்காமல் மூலைக்கு மூலை முழுச் சுவருக்கும் அடியுங்கள், ஏனென்றால் பழைய பெயிண்ட் வெளுத்திருக்கும், அதே நம்பர் டப்பா வாங்கினாலும் திட்டுத் திட்டாகத் தெரியும்.