சதாபிஷேகத்துக்கு முந்தைய மாலை: குடும்பப் புகைப்படத்துக்கு ஆயத்தமாவது எப்படி?

(திரையில்: மண்டப மேடை, ஈரத் தலையுடன் தாத்தாவும் பாட்டியும்)

வணக்கம். வீட்டுப் பெரியவருக்குச் சதாபிஷேகம் என்றால் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகள் அனைவரும் வந்து சேர்வார்கள். அப்போதே ஒரு குடும்பப் படமும் எடுத்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் சடங்குகள் முடிந்த கையோடு அதை எடுக்க முனைந்தால், ஹோமப் புகையில் கண்கள் சிவந்திருக்கும், கலச நீரில் தம்பதியின் தலை நனைந்திருக்கும், பந்திக்கு நேரமாகிவிட்டது என்ற குரலும் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே விழாவுக்கு முந்தைய நாள் மாலையை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

நேரத்தைக் குறிக்கும்போது, குடும்பத்தில் மிக மூத்தவரும் மிக இளையவரும் எப்போது தெம்பாக இருப்பார்கள் என்பதை முதலில் பாருங்கள், மற்றவர்கள் அனுசரித்துக்கொள்ளலாம். தாத்தா பகல் தூக்கம் கலைந்து காப்பி குடித்த பிறகு, கைக்குழந்தை பால் குடித்து விழித்திருக்கும் வேளை பெரும்பாலும் நாலரை மணியை ஒட்டியே அமையும். உச்சிவெயிலில் கண்குழிகளில் விழும் நிழல் அப்போது இருக்காது என்பதால் வெளிச்சமும் உதவும். மார்கழி மாதமென்றால் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், தாமதிக்காதீர்கள்.

(திரையில்: மொட்டை மாடியின் வரைபடம், அளவுகளுடன்)

இடம் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. பதினான்கு பேர் கொண்ட குடும்பத்தில் ஏழு பேர் பின்வரிசையில் நின்றால், இருபுறமும் சற்று இடம் விட்டு, சட்டகத்தின் அகலம் ஏறத்தாழ 15 அடி வேண்டும். முழுச்சட்டக் கேமராவில் (ஃபுல் ஃபிரேம், அதாவது 36 மி.மீ. அகல உணரி கொண்டது) 50 மி.மீ. லென்ஸ் கொண்டு அந்த அகலத்தை அடக்க, புகைப்படக்காரர் சுமார் 21 அடி பின்னால் நிற்க வேண்டும். அடுக்குமாடி வீட்டு ஹாலில் அத்தனை தூரம் கிடைக்காததால் அவர் அகலக் கோண லென்ஸை மாட்டுவார். அதில் ஓரத்தில் நிற்பவர்களின் முகமும் தோளும் பக்கவாட்டில் இழுபட்டு, ஒல்லியான மருமகன்கூடப் பருத்துத் தெரிவார். எனவே மொட்டை மாடியில் சுவர் நிழல் விழும் பகுதியையோ வீட்டு முற்றத்தையோ முந்தைய நாளே அளந்து பார்த்துவிடுங்கள்.

பெரியவர்களுக்குக் கைப்பிடியில்லாத, ஒரே உயரமுள்ள நாற்காலிகளைப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தால் உடல் பின்னால் சரிந்து கழுத்து மறைந்துவிடும். பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு ஜமக்காளம் போதும்.

உடையைப் பொறுத்தவரை, எல்லோரும் ஒரே நிறத்தில் வரவேண்டும் என்று வற்புறுத்துவது எங்களுக்கு உவப்பாக இல்லை. சீருடை அணிந்த ஊழியர்களைப் போன்ற தோற்றமே மிஞ்சுகிறது. ஒன்றோடொன்று இணங்கும் இரண்டு மூன்று நிறங்களைத் தேர்ந்தெடுத்தால் போதும். மிக நுண்ணிய கட்டமோ கோடோ போட்ட சட்டைகள் கேமராவில் அலையலையாக நெளிந்து தெரியக்கூடும் என்பதால் அவற்றைத் தவிருங்கள். பட்டுப்புடவைகளையும் புதுச்சட்டைகளையும் முந்தைய இரவே பிரித்துத் தேய்த்து மாட்டிவையுங்கள். அட்டைப்பெட்டியிலிருந்து அப்படியே எடுத்து அணிந்த சட்டையில் மடிப்புக்கோடுகள் சதுரம் சதுரமாகத் தெரியும். இன்னொன்று: வெள்ளைச் சட்டையின் பையில் செல்போனும் பத்து ரூபாய் நோட்டும் இருந்தால் அவை துணியை ஊடுருவித் தெரியும். படமெடுக்கும் முன் ஒருவர் எல்லோருடைய பைகளையும் காலி செய்யச் சொல்ல வேண்டும்.

தாத்தா வெயிலில் கருக்கும் மூக்குக்கண்ணாடி அணிபவரா? மாடிக்கு வந்த சற்று நேரத்திலேயே அது கருத்து, சதாபிஷேகப் படத்தில் அவர் கூலிங் கிளாஸோடு காட்சியளிப்பார். பழைய சாதாரணக் கண்ணாடியைத் தேடி எடுத்துவைப்பதே இதற்கு வழி.

(திரையில்: கேமராவுக்குப் பின்னால் மூன்று பேர் மூன்று திசைகளிலிருந்து குழந்தையை அழைக்கிறார்கள்)

குழந்தையைச் சிரிக்க வைக்க அத்தை ஒரு பக்கம் கிலுகிலுப்பை ஆட்ட, சித்தப்பா மறுபக்கம் கை தட்ட, சமையற்காரர் படிக்கட்டிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார். குழந்தை யாரையும் பார்க்காது. பெரியவர்களோ திரும்பித் திரும்பி மூவரையும் பார்ப்பார்கள். அழைப்பவர் ஒருவராக மட்டும் இருக்கட்டும், அவரும் கேமராவுக்கு நேர் பின்னால் நிற்கட்டும்.

யாராவது ஒருவர் கண் சிமிட்டிவிடும் தொல்லைக்குக் கணக்கே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும் இதை ஆராய்ந்து 2006இல் கணிதத்துக்கான இக் நோபல் பரிசு (முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான வேடிக்கைப் பரிசு) பெற்றார்கள். இருபது பேருக்குக் குறைவான குழுவில், நல்ல வெளிச்சமிருந்தால் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றாலும், வெளிச்சம் குறைவென்றால் இரண்டாலும் வகுத்து, அத்தனை படங்கள் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் தந்த எளிய விதி. பதினான்கு பேருக்கு ஐந்து, மங்கலான ஒளியில் ஏழு. கைக்குழந்தை இருக்கும் குழுவில் இதை இரட்டிப்பாக்கச் சொல்வது எங்கள் சொந்தச் சேர்க்கை.

சுவரில் மாட்டுவதற்கு 12க்கு 18 அங்குலம் என்றால், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் (பிக்சல்) வீதம் 3600க்கு 5400 புள்ளிகள் தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்து சேரும் படம் சுருங்கியிருக்கும். மூலக் கோப்பைப் பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள். சட்டம் போடும் கடையில், கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் மழைக்கால ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தெடுக்கும்போது கிழியும்.