அரை கிலோவுக்கு என்ன விலை கொடுக்கலாம்?

நேயர்களுக்கு வணக்கம்.

சைக்கிளின் பின்சக்கரத்தில், வலப்பக்கம், சின்னதும் பெரியதுமாகப் பற்சக்கரங்கள் அடுக்கடுக்காக இருக்கும். அதற்கு கேசட் என்று பெயர். ஷிமானோ நிறுவனம் 11 ஸ்பீடு, அதாவது பின்னால் 11 பற்சக்கரம் உள்ள சைக்கிளுக்கு இதை மூன்று தரத்தில் விற்றது: 105, அல்டெக்ரா, டூரா-ஏஸ். மூன்றிலும் 11 பல்லில் தொடங்கி 28 பல்லில் முடியும் அளவு கிடைக்கும். ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதைப் பூட்டினால் எந்த மாற்றமும் செய்யாமல் ஓடும். 105-இன் எடை 284 கிராம். டூரா-ஏஸ் 193 கிராம். விலையோ மூன்று நான்கு மடங்கு. அந்த 91 கிராம் எங்கே குறைந்தது? முக்கியமாக, பெரிய ஐந்து பற்சக்கரங்களை எஃகுக்குப் பதில் டைட்டானியத்தில் செய்ததில். டைட்டானியம் இலேசானது, ஆனால் செயின் உரசலுக்கு எஃகு அளவுக்குத் தாக்குப்பிடிக்காது. ஆக, நான்கு மடங்கு கொடுத்து வாங்கியது முதலில் தேய்கிறது.

உயர்விலைப் பாகங்களைப் பற்றிப் பேச இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. கூடுதலாகக் கொடுக்கும் பணம் மூன்றில் ஒன்றை வாங்கித்தரும். வேலையை நன்றாகச் செய்யும் திறன் ஒன்று, நீண்ட ஆயுள் இன்னொன்று, எடைக்குறைவு மூன்றாவது. விலைப்பட்டியலின் அடிமட்டத்தில் முதல் இரண்டும் வேகமாகக் கூடுகின்றன. நடுவில் வந்து நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் பெரும்பாலும் கிராமுக்குத்தான்.

ஷிமானோவின் சாலை சைக்கிள் பாகங்களின் வரிசையைக் கீழிருந்து சொன்னால் கிளாரிஸ் 8 ஸ்பீடு, சோரா 9, டியாக்ரா 10. அதற்கு மேல் 105, அல்டெக்ரா, டூரா-ஏஸ். இவை இப்போது 12 ஸ்பீடு. பேட்டரியில் கியர் மாறுகிற, டிஸ்க் பிரேக் உள்ள முழுத் தொகுதியை எடுத்துக்கொண்டால் 105 ஏறக்குறைய 3 கிலோ, அல்டெக்ரா 2.7 கிலோ, டூரா-ஏஸ் 2.45 கிலோ. 105-க்கும் டூரா-ஏஸுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் அரை கிலோ. விலை வித்தியாசம் இரட்டிப்புக்கும் மேல்.

இந்த அரை கிலோ என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுவிடலாம். ஓட்டுபவர் 70 கிலோ, சைக்கிள் 9, தண்ணீரும் மற்றவையும் 2. மொத்தம் 81 கிலோ. அதில் அரை கிலோ என்பது 0.6 சதவீதம். செங்குத்தான ஏற்றத்தில் உங்கள் உழைப்பில் பெரும்பகுதி எடையைத் தூக்கத்தான் செலவாகிறது. எனவே நேரமும் ஏறத்தாழ அதே 0.6 சதவீதம் குறையும். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையை ஒருவர் ஒன்றரை மணி நேரத்தில் ஏறுகிறார் என்று வையுங்கள். அவருக்கு மிச்சமாவது அரை நிமிடம். சமதரையில் மிச்சம் என்று சொல்ல எதுவும் இல்லை. முக்கால் லிட்டர் தண்ணீர் பாட்டிலை அடிவாரத்தில் காலி செய்துவிட்டு ஏறினால் இதைவிட அதிகம் குறையும். மேலே குழாய் இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பந்தயக்காரருக்கு அந்த அரை நிமிடம் பெரிதுதானே என்று கேட்கலாம். பெரிதுதான். ஆனால் சர்வதேச சைக்கிள் சம்மேளனம், பந்தய சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் கீழே போகக்கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலிருந்து விதி வைத்திருக்கிறது. அவர்களுக்கும் எடைக்குறைப்புக்கு ஒரு தரை உண்டு. தொழில்முறை அணிகளில் ஓட்டுபவர்கள் பாகத்துக்குக் காசு கொடுப்பதும் இல்லை.

இப்போது விலைப்பட்டியலின் அடிமட்டத்துக்கு வருவோம். மலிவான கியர் சைக்கிள் வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் புகார், பின்சக்கர அச்சு வளைந்துவிட்டது அல்லது உடைந்துவிட்டது என்பது. அதன் காரணம் பின் ஹப்பின், அதாவது பின்சக்கரத்தின் நடுக் குடத்தின் அமைப்பு. இந்த வகை சைக்கிள்களில் பெரும்பாலும் ஃப்ரீவீல் இருக்கும். அதாவது பற்சக்கர அடுக்கு, ஹப்பின் மேல் மரையில் திருகி நிற்கும். அடுக்கு அகலமாக அகலமாக, வலப்பக்க பால்ரஸ், அதாவது பேரிங், உள்ளே தள்ளிப்போகும். பால்ரஸுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே அச்சு தாங்குதல் இல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். குழியில் இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடம்தான் வளையும். கேசட்டைச் செருகிப் பூட்டும் ஃப்ரீஹப் அமைப்பில் பேரிங் பற்சக்கரங்களுக்கு அடியிலேயே, ஃபிரேமுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அச்சு வளைவது அரிதாகிவிடும்.

கடையில் இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பின்சக்கரத்தை அசையாமல் பிடித்து, பற்சக்கரங்களைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவில், கருவி நுழைகிற பள்ளம் பற்களோடு சேர்ந்து சுற்றினால் அது ஃப்ரீஹப், கேசட். பள்ளம் அப்படியே நின்றால் ஃப்ரீவீல். இந்த ஒரு படி ஏறுவதற்குக் கூடுதல் பணம் கேட்டால் யோசிக்காமல் கொடுங்கள். உங்கள் எடை 75 கிலோவுக்கு மேல் என்றால் கட்டாயம் கொடுங்கள்.

அடுத்தது டயர். பணத்துக்கு அதிகப் பலன் தரும் பாகம் இதுதான். ஆனால் வாங்குபவர்கள் கடைசியாகப் பார்ப்பதும் இதைத்தான். தனியாக, சமதரையில், காற்றில்லாத நேரத்தில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போக ஒருவருக்குச் சுமார் 160 வாட் தேவைப்படும். தடித்த, கடினமான ரப்பர் டயரின் உருளல் தடை எண் 0.007 என்றும், நல்ல பந்தய டயருக்கு 0.004 என்றும் வைத்துக்கொண்டால், அதே 81 கிலோவுக்கு வித்தியாசம் 20 வாட். உழைப்பில் எட்டில் ஒரு பங்கு! ஒரு ஜோடி நல்ல டயரின் விலை டூரா-ஏஸ் கேசட் ஒன்றின் விலையைத் தாண்டாது.

காற்றழுத்தம் இலவசம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவு வரை அடிக்கிற பழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. 28 மில்லிமீட்டர் டயர், 70 கிலோ ஆள் என்றால் 70 முதல் 75 பிஎஸ்ஐ போதும். முன்சக்கரத்தில் இன்னும் 5 குறைக்கலாம். 110 அடித்தால் டயர் கல்லை விழுங்காது, சைக்கிளையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப்போடும். அந்த அதிர்வை உடம்பு உள்வாங்குகிறது, அதற்குப் போகும் சக்தி உங்கள் காலிலிருந்துதான் போகிறது. பந்தய டயருக்கு ஒரு குறையும் உண்டு. நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய இரும்புக் கம்பிகள் கிடக்கும். மெல்லிய டயரில் அவை சுலபமாக இறங்கும். தினமும் அலுவலகம் போகிறவர் வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, உள்ளே பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள டயரை எடுப்பதே சரி.

செராமிக் பேரிங், பின்கியருக்குப் பெரிய கப்பி இவையெல்லாம் விளம்பரத்தில் நிறைய இடம்பிடிக்கும். சக்கரங்களிலும், பெடல் பூட்டும் கைகளான கிராங்கிலும் உள்ள பேரிங்குகள் எல்லாம் சேர்ந்தே ஓரிரு வாட்தான் தின்கின்றன. செராமிக் போட்டால் அதில் ஒரு பகுதி குறையும், அவ்வளவே. உருண்டைகள்தான் செராமிக், அவை ஓடும் வளையம் பெரும்பாலும் எஃகுதான். மண்ணும் தண்ணீரும் உள்ளே போனால் கடினமான உருண்டை வளையத்தைக் குழியாக்கிவிடும். பெரிய கப்பித் தொகுதி ஒன்றின் விலையில் செயினைப் பல் விட்டுப் பல் மாற்றும் நடுத்தரமான பின் டீரெய்லர்கள் பலவற்றை வாங்கிவிடலாம்.

அதே ஓரிரு வாட்டையும் அதற்கு மேலும் செயினில் எடுக்கலாம். புதுச் செயினில் ஆலையில் தடவிய கிரீஸை முழுவதும் கழுவுங்கள். மண்ணெண்ணெயில் கழுவினால் எண்ணெய்ப் படலம் மிஞ்சும். கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசி, நன்றாகக் காயவிடுங்கள். ஆல்கஹால் எரியும் பொருள். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. பிறகு பாரஃபின் மெழுகைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். நேரடித் தீயில் உருக்கினால் மெழுகு தீப்பிடிக்கும். உருகியதில் செயினைப் போட்டு, குமிழி நிற்கும் வரை அசைத்து, எடுத்துத் தொங்கவிடுங்கள். ஒருமுறை செய்தால் உலர்ந்த சாலையில் சுமார் 300 கிலோமீட்டர் வரும். மழையில் நனைந்தால் உடனே மறுபடி செய்யவேண்டும், இல்லாவிட்டால் துரு பிடிக்கும். எண்ணெயில் ஒட்டும் மண் மெழுகில் ஒட்டாது. தேய்மானம் குறைவதற்குக் காரணம் அதுதான்.

தேய்மானத்தை அளக்க எஃகு அளவுகோல் போதும். புதுச் செயினில் ஒரு ஊசியிலிருந்து, அதை விட்டு எண்ணினால் வரும் 24-ஆவது ஊசி வரை சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மில்லிமீட்டர் இருக்கும். 11, 12 ஸ்பீடு செயின் அதில் ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டால் மாற்றிவிடுங்கள். நேரத்தில் மாற்றினால் ஒரு கேசட் இரண்டு மூன்று செயினைப் பார்த்துவிடும். தள்ளிப்போட்டால் கேசட்டையும் சேர்த்து மாற்றவேண்டி வரும். அதனால்தான் தேய்கிற பாகத்தில் விலை உயர்ந்ததை வாங்க வேண்டாம் என்கிறேன். டூரா-ஏஸ் பூட்டிய சைக்கிளிலும், அதே ஸ்பீடு எண்ணிக்கை உள்ள 105 கேசட்டும் செயினும் போட்டு ஓட்டலாம்.

சக்கரத்தில் நிலைமை வேறு. நல்ல சக்கரத்துக்குக் கொடுக்கும் பணம் தெரியும். ஆனால் அதற்கு கார்பன்தான் வேண்டும் என்பதில்லை. ஆலையில் இயந்திரம் பின்னிய மலிவுச் சக்கரத்தில் போக்ஸ் கம்பிகளின் இழுவிசை சமமாக இருக்காது. தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் தளர்ந்து, இறுகி, தலைக்குப் பக்கத்து வளைவில் களைத்து உடையும். ஒன்று உடைந்தால் இன்னும் நாலைந்து காத்திருக்கின்றன என்று அர்த்தம். புதுச் சக்கரம் வாங்குவதற்கு முன், பெண்டு எடுப்பதில் கைதேர்ந்தவரிடம் கொடுத்து எல்லாக் கம்பியையும் ஒரே இழுவிசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் 32 கம்பி, அலுமினிய ரிம் வைத்துக் கையால் பின்னிக்கொள்ளலாம். உயரமான கார்பன் ரிம் காற்றை வெட்டும் என்பது உண்மை. ஆனால் காற்றுக்குச் செலவாகும் சக்தி வேகத்தின் மூன்றாம் படியில் ஏறுகிறது, வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு. 40 கிலோமீட்டரில் தெரிவது 25-இல் தெரியாது. காற்றுத் தடையில் பெரும்பங்கு உங்கள் உடம்புதான், முழங்கையை மடக்கிக் குனிந்தால் எந்த ரிம்மும் தராத அளவு குறையும். கார்பன் ரிம்மையே பிரேக் கட்டை பிடிக்கிற பழைய வகை என்றால், ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை பிரேக்கைப் பிடித்தபடியே இறங்காதீர்கள். சூட்டில் பிசின் இளகி ரிம் உருக்குலையும்.

கார்பன் ஹேண்டில்பார் வாங்க ஆசைப்படுகிறவர் முதலில், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பானர் வாங்கட்டும். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் திருகுகளுக்கு வழக்கமான அளவு 5 நியூட்டன்மீட்டர். பாகத்தில் எழுதியிருக்கும் எண்ணே இறுதி. கைக்கணக்கில் டைட் வைத்தால் கார்பன் விரிசல் விடும்.

கியர் சரியாக விழவில்லை என்று டீரெய்லரை மாற்றக் கிளம்புகிறவர்கள் உண்டு. முதலில் சைக்கிளின் பின்னால் நின்று, டீரெய்லர் தொங்கும் சின்ன அலுமினியத் துண்டைப் பாருங்கள். ஹேங்கர் என்பார்கள். சைக்கிள் ஒருமுறை வலப்பக்கம் சாய்ந்து விழுந்தாலே அது உள்ளே வளைந்துவிடும். வளைந்த ஹேங்கரில் டூரா-ஏஸ் பூட்டினாலும் தடுமாறும். அடுத்து கேபிள். உள்கம்பியையும் வெளி உறையையும் புதிதாகப் போட்டு, உறையின் முனையை நேராக வெட்டி, கால் கால் சுற்றாகத் திருகிச் சரிசெய்தால் கியர் புகார்கள் பலவும் அங்கேயே தீர்ந்துவிடும்.

பிரேக்கில் சிக்கனம் வேண்டாம். ஆனால் அங்கேயும் பலன் கட்டையிலும் பேடிலும்தான். கட்டையில் புதைந்த அலுமினியத் துகள்களை ஊசியால் எடுத்துவிடுங்கள். டிஸ்க் என்றால் புதுப் பேடைப் போட்டதும் 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு 20 முறை மெதுவாகக் குறைத்துப் பழக்குங்கள். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது டிஸ்க் தட்டில் ஒரு துளி பட்டாலும் பிடிமானம் போய், கீச்சென்று கத்தத் தொடங்கும்.

பழைய சைக்கிளில் அல்டெக்ரா, டூரா-ஏஸ் என்ற பெயரைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2019 ஜூலைக்கு முன் தயாரான 11 ஸ்பீடு அல்டெக்ரா, டூரா-ஏஸ் கிராங்குகளைப் பரிசோதனைக்குத் திரும்பக் கொண்டுவரும்படி 2023 செப்டம்பரில் ஷிமானோ அறிவித்தது. வட அமெரிக்காவில் மட்டும் சுமார் 7,60,000 கிராங்குகள். எடை குறைக்க, உள்ளே வெற்றாக, இரண்டு பாதிகளைப் பசையால் ஒட்டிய கை அது. ஒட்டு விட்டு இரண்டாகப் பிரிந்ததாக அமெரிக்காவில் 4,519 புகார்கள் பதிவாகின. ஆறு பேருக்குக் காயம். மலிவான 105 கிராங்க் அந்தப் பட்டியலில் இல்லை. மாதிரி எண்கள் எஃப்சி-6800, எஃப்சி-ஆர்8000, எஃப்சி-9000, எஃப்சி-ஆர்9100, எஃப்சி-ஆர்9100பி. கிராங்க் கையின் உட்புறம், பெடல் பூட்டும் இடத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகளாகத் தயாரிப்புக் குறி இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு ஷிமானோ வெளியிட்ட பட்டியலோடு ஒப்பிடுங்கள். பிறகு கையைத் துணியால் நன்றாகத் துடைத்து, வெளிச்சத்தில் இணைப்புக் கோடு முழுக்க நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினாலோ, எழுந்து நின்று மிதிக்கும்போது டக் டக்கென்று சத்தம் வந்தாலோ, விலை எவ்வளவு குறைவாகச் சொன்னாலும் அந்தக் கிராங்க்கோடு வாங்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.