மெஸ்மேட் என்றொரு உறவு

நேயர்களுக்கு வணக்கம்.

தினமும் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுகிற நண்பரை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. உணவகங்களைப் பற்றி எழுதுகிறவர்கள், உடன் வந்தவரை 'டைனிங் கம்பானியன்' என்கிறார்கள். அந்தக் கம்பானியனுக்குள் லத்தீன் மொழியின் ரொட்டி இருக்கிறது. ரொட்டியைப் பகிர்ந்து உண்பவர் என்பதுதான் பழைய பொருள். இன்று ரயிலில் பக்கத்து இருக்கையில் வருகிறவரும் கம்பானியன்தான். ரொட்டியை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

என் மனத்துக்கு நெருக்கமான சொல் 'மெஸ்மேட்'. அது பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களில் வேரூன்றிய சொல். 1805ஆம் ஆண்டு டிரபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் தளபதி நெல்சன் உயிர்விட்ட விக்டரி கப்பலை இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் இன்றும் பாதுகாத்து வருகிறார்கள். அந்தப் போரின்போது அதில் சுமார் 820 பேர் இருந்தார்கள். இத்தனை பேருக்கும் தனியாகச் சாப்பாட்டுக் கூடம் ஏது? பீரங்கித் தளத்தில், இரண்டு பீரங்கிகளுக்கு நடுவே, கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும் ஒரு பலகை. அதுதான் மேசை. அதைச் சுற்றி ஆறு பேர், எட்டுப் பேர். அந்தக் குழுவுக்குப் பெயர் மெஸ். ஒவ்வொரு மெஸ்ஸுக்கும் ஓர் எண் உண்டு.

ஒரு மாலுமிக்கு வாரப்படியாக 7 பவுண்டு பிஸ்கட், 4 பவுண்டு உப்பிட்ட மாட்டிறைச்சி, 2 பவுண்டு பன்றியிறைச்சி, கொஞ்சம் பட்டாணி, ஓட்ஸ் மாவு, வெண்ணெய், பாலாடைக்கட்டி ஆகியவை கிடைத்தன. குழுவில் ஒருவர் முறை வைத்துப் போய் எல்லோருக்குமான இறைச்சியை வாங்கி வருவார். வெந்து வந்த துண்டில் ஒரு பக்கம் கொழுப்பு, ஒரு பக்கம் எலும்பு. யாருக்கு எது? அதற்கு அழகான ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒருவர் துண்டு போடுவார். இன்னொருவர் அதைப் பார்க்காமல் முதுகைக் காட்டி நிற்பார். "இது யாருக்கு?" என்று கேட்டதும் அவர் ஒரு பெயரைச் சொல்வார். அந்தத் துண்டு அவருக்கு. முணுமுணுப்புக்கே இடமில்லை. சரக்குக் குறைந்துபோனால் நால்வர் பங்கை ஆறு பேருக்குக் கொடுப்பார்கள். அப்போது இந்தப் பங்கீட்டின் அருமை இன்னும் கூடும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்த மாலுமிகளில் பலர் வலுக்கட்டாயமாகப் பிடித்து வரப்பட்டவர்கள். எங்கே தூங்குவது, எந்தப் பீரங்கியில் நிற்பது என்பதையெல்லாம் அதிகாரிகள் முடிவு செய்தார்கள். யாரோடு சாப்பிடுவது என்பது மட்டும் பெரும்பாலும் மாலுமியின் விருப்பம். ஒத்துப்போகவில்லையென்றால், மாதத் தொடக்கத்தில் வேறு மெஸ்ஸுக்கு மாற்றிக்கொள்ளக் கேட்கலாம். எல்லாவற்றையும் இழந்து நின்ற மனிதனுக்கு மிஞ்சியிருந்த ஒரே தேர்வு அது. "முதலில் மெஸ்மேட், பிறகு அதே கப்பலில் இருப்பவன், அதற்கும் பிறகுதான் அயலான்" என்று அவர்களிடையே வழங்கிய பழமொழிக்கு அந்தக் கனம் உண்டு. ஒருவர் இறந்துவிட்டால், 'மெஸ் எண்ணை இழந்துவிட்டார்' என்று சொல்வார்கள்.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது நம் வழக்கு. அங்கே இட்டவர் ஒருவர், உண்டவர் ஒருவர். நன்றி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகிறது. மெஸ்மேட் உறவில் இட்டவர் என்று யாரும் இல்லை. எல்லோரும் உண்டவர்கள், எல்லோருக்கும் ஒரே அளவு. விருந்தோம்பலைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், சமமாக உட்கார்ந்து உண்பவர்களிடையே வளரும் அன்பைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை என்றே கருதுகிறேன்.

லண்டனில் பாரிஸ்டர் படிப்புக்கான இன்னர் டெம்பிளில் 1888 நவம்பரில் காந்தி சேர்ந்தார். அந்நாளில் அங்கே தேர்வில் தேறினால் மட்டும் போதாது. ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது ஆறு விருந்துகளில் உட்கார்ந்து எழ வேண்டும். நால்வர் நால்வராக அமர்வார்கள். நால்வருக்கு இரண்டு புட்டி திராட்சை மது. காந்தி மதுவைத் தொடமாட்டார். எனவே அவரை எங்கள் குழுவுக்கு வா என்று அழைக்கப் போட்டியே நடந்ததாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மூவர் இரண்டு புட்டியைக் காலி செய்யலாம் அல்லவா! அவர் கப்பலேறுவதற்கு முன் பம்பாயில் அவருடைய சாதியினர் கூடி அவரைத் தள்ளிவைத்தார்கள். வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு ரூபாய் நாலணா அபராதம் என்றும் அறிவித்தார்கள். சொந்தச் சாதியின் பந்தியில் இடம் போன இளைஞருக்கு, முன்பின் தெரியாத மூவரின் மேசையில் நாற்காலி காத்திருந்தது. மதுவுக்காகத்தான் கூப்பிட்டார்கள் என்றாலும், அந்த அழைப்பை நான் சிறிதாக நினைக்கவில்லை.

மெஸ் என்ற சொல் நம்மிடமும் வந்து சேர்ந்தது. படை முகாம்களிலும் கல்லூரி விடுதிகளிலும் புழங்கி, திருவல்லிக்கேணி மேன்ஷன்களைச் சுற்றிய சந்துகளில் குடியேறிவிட்டது. கப்பலில் அது உண்ணும் ஆட்களைக் குறித்தது. இங்கே சோறு போடும் இடத்தைக் குறிக்கிறது. ஆனால் அந்த ஆட்கள் இங்கேயும் இருக்கிறார்கள். வேலை முடிந்து தாமதமாக வரும் ஒருவருக்காக, "கூட்டு தீர்ந்துவிடப்போகிறது, அவருக்குக் கொஞ்சம் எடுத்து வையுங்கள்" என்று பரிமாறுகிறவரிடம் சொல்லும் குரலை எந்த மெஸ்ஸிலும் கேட்கலாம். இருவரும் ஒரே ஊராக இருக்கமாட்டார்கள். ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போயிருக்கவும் மாட்டார். இவரை நண்பர் என்றால் அதிகம், தெரிந்தவர் என்றால் குறைவு. மெஸ்ஸைத் தமிழாக்கிக்கொண்ட நாம் மெஸ்மேட்டையும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்பதே அந்த மாணவர்களுக்கு நான் சொல்லும் பதில்.