உலோகமும் இல்ல, அலோகமும் இல்ல: பள்ளி ஆண்டு விழாவுல சிலிக்கான் பத்தி பேசினது

எல்லாருக்கும் வணக்கம். விழாவுக்குத் தலைமை தாங்குற தலைமையாசிரியர் அம்மா, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஐயா, வேலைய விட்டுட்டு வந்திருக்கற கவுன்சிலர் அண்ணன், காலையிலேர்ந்து பந்தல்ல அலைஞ்சுட்டிருக்கற அறிவியல் டீச்சர், பெத்தவங்க, பிள்ளைங்க எல்லாருக்கும் நன்றி. பொன்னாடைக்குப் பதிலா புஸ்தகம் குடுத்தீங்க, அதுக்குத் தனியா ஒரு நன்றி.

இன்னிக்கு மூணு விஷயம் பேசறேன். சிலிக்கானோட இயற்பியல் குணம், வேதியியல் குணம், அப்பறம் சோலார் பேனல்.

சிலிக்கான் ஒரு தனிமம், அணு எண் 14. பாத்தா சாம்பல் நிறத்துல பளபளன்னு இருக்கும், உலோகம்னுதான் நினைப்பீங்க, ஆனா சுத்தியால ஒரு போடு போட்டா தகடா விரியாது, பொலபொலன்னு நொறுங்கிடும். 1414 டிகிரி செல்சியஸ்ல உருகும், உருகினது உறையறப்ப சுருங்காம பெருசாகும். செம்புக் கம்பி சூடானா கரன்ட் போறது கொறையும், சுத்தமான சிலிக்கான் சூடானா கூடும். இப்படி பாதி உலோகம் மாதிரியும் பாதி அலோகம் மாதிரியும் இருக்கறதாலதான் உலோகப்போலின்னு பேரு. இத நம்ம பிள்ளைங்க பரீட்சையில கடகடன்னு எழுதிடுவாங்க, ஆனா ஒரு துண்ட கையில குடுத்து இது என்னன்னு கேட்டா முழிப்பாங்க. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுங்க.

ஒரு கதை சொல்றேன், நிஜமா நடந்தது. 1954 மே மாசம், அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலம், டேட்டன் ஊர்ல இன்ஜினியருங்க மாநாடு. டிரான்சிஸ்டர்னா ரேடியோ மாதிரி சாதனத்துக்குள்ள கரன்ட்ட கட்டுப்படுத்தற குட்டிக் கருவி. அப்பெல்லாம் அத ஜெர்மானியம்ங்கற இன்னொரு உலோகப்போலியிலதான் செய்வாங்க, சூடு ஏறினா மக்கர் பண்ணும். சிலிக்கான்ல செய்ய இன்னும் பல வருஷம் ஆகும்னு ஒவ்வொருத்தரா மேடையேறி சொல்லிட்டுப் போறாங்க. கடைசியில டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியிலேர்ந்து கோர்டன் டீல்னு ஒருத்தர் வர்றாரு, என் பாக்கெட்லயே சில சிலிக்கான் டிரான்சிஸ்டர் இருக்குங்கறாரு! சபை நிமிர்ந்து உக்காருது. ரெக்கார்டு பிளேயர்ல பாட்டு ஓடுது, அதோட ஜெர்மானியம் டிரான்சிஸ்டர எடுத்து கொதிக்கற எண்ணெயில முக்கறாரு, பாட்டு கப்புனு நின்னுபோச்சு. சிலிக்கான மாட்டி அதே எண்ணெயில முக்கறாரு, பாட்டு பாட்டுக்கு ஓடிட்டே இருக்கு! அந்த மனுஷன் வெறும் பேப்பர மட்டும் படிச்சுட்டு இறங்கியிருந்தா எத்தன பேரு நம்பியிருப்பாங்க?

வேதியியல் சுருக்கமா. காத்து பட்டா மேல கண்ணாடி மாதிரி மெல்லிசா ஆக்சைடு படியும், அதான் கவசம், சாதாரண அமிலம் ஒண்ணும் செய்யாது. ஆனா சூடான காஸ்டிக் சோடா கரைசல்ல கரைஞ்சு ஹைட்ரஜன் விடும். ஜெர்மானியத்தோட ஆக்சைடு தண்ணியிலயே கரையும், கவசம் நிக்காது, அதான் சிப் தொழில்ல சிலிக்கான் ஜெயிச்சதுக்குப் பெரிய காரணம்.

நான் போற ஊர்ல எல்லாம் கேக்கற கேள்விய இங்கயும் கேக்கறேன். லேப் பூட்டு கடைசியா எப்பங்க திறந்துச்சு? பல பள்ளிக்கூடத்துல இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்குத்தான் பீரோவே திறக்குது. ஏட்டுச் சுரைக்காய்னு நான் திரும்பத் திரும்ப சொல்றது அதுக்குத்தான். கரன்ட்ட ஒரு பக்கமா மட்டும் விடற குட்டிக் கருவி டையோடு, சிலிக்கான்ல செஞ்சது ஒண்ணு சில ரூபாதான். ரெண்டு பேட்டரி, ஒரு டார்ச் பல்பு, நடுவுல இந்த டையோட வெச்சா பல்பு எரியும், திருப்பி வெச்சா எரியாது. நாலாம் கிளாஸ் பிள்ளகூட தானே செஞ்சு பாத்துடும்.

சோலார் பேனலுக்கு நேரமில்ல, அம்மா மணிய பாக்கறாங்க. கழகத் தலைவர் ஐயாவுக்கும் கவுன்சிலர் அண்ணனுக்கும் ஒரே விண்ணப்பம்: வாரத்துக்கு ஒரு பீரியடாவது லேப்ப திறந்து விடுங்க. டையோடும் பல்பும் ஒரு பை நிறைய கொண்டாந்திருக்கேன், டீச்சர்கிட்ட குடுத்துட்டுப் போறேன். திங்கக்கிழமையே ஆரம்பிக்கலாம்.