இன்னும் வரவில்லையே என்று பதறுவதற்கு முன்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாக்கள் முன்வரிசையிலும் பிள்ளைகள் கடைசி வரிசையிலும் உட்கார்ந்திருக்கிறீர்கள். சரி, அப்படியே இருங்கள், யாரையும் எழுப்பிக் கேள்வி கேட்கப் போவதில்லை.

என்னைப் பார்க்க வரும் அம்மாக்களில் பலர் நாற்காலியில் உட்காரும்போதே சொல்வது இதுதான்: "பதினாலு ஆகப்போகுது டாக்டர், இன்னும் வயசுக்கு வரல." நான் உடனே பீரியட்ஸைப் பற்றிக் கேட்பதில்லை, மார்பு எப்போது வளர ஆரம்பித்தது என்றுதான் கேட்பேன். அம்மா பெண்ணைப் பார்ப்பார், பெண் தரையைப் பார்ப்பாள். ஆனால் அந்தப் பதில் கிடைத்துவிட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். ஏனென்றால் பருவமடைதல் மாதவிலக்கோடு தொடங்குவதில்லை, மாதவிலக்கு கிட்டத்தட்ட கடைசியில் வருவது.

பெரும்பாலான பெண்களுக்கு 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் காம்புக்கு அடியில் பட்டாணி அளவில் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்படும், தொட்டால் வலிக்கும், பல நேரம் ஒரு பக்கம் மட்டும் முதலில் வந்து மறுபக்கம் சில மாதம் கழித்து வரும். இதுதான் மார்பு மொட்டு, ஆரம்பம் இதுதான். (இதைப் பார்த்துவிட்டுப் புற்றுநோயோ என்று ஓடி வருபவர்கள் உண்டு. யாராவது தெரியாமல் அதை வெட்டி எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் பிறகு மார்பே வளராமல் போகலாம், அதனால் அதில் கை வைக்க விடாதீர்கள்.) அதற்குப் பிறகு உயரம் சட்டென்று கூடும், ரோமம் வளரும், கொஞ்ச மாதங்கள் முன்னதாக வெள்ளை படும், அப்புறம்தான் முதல் மாதவிலக்கு. மொட்டிலிருந்து அதுவரைக்கும் பொதுவாக இரண்டு, இரண்டரை வருஷம் ஆகும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டரை வயதில் மொட்டு வந்த பெண்ணுக்குப் பதினாலில் பீரியட்ஸ் வரவில்லை என்றால் அவள் தாமதமே இல்லை, அவளுடைய உடம்பு சரியான வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பதினொன்றில் வந்தது இவளுக்கு அளவுகோல் ஆகாது.

அப்படியானால் எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்? 13 முடிந்தும் மார்பு வளர்ச்சி துளிகூட இல்லை என்றால். அல்லது 15 முடிந்தும், இல்லாவிட்டால் மொட்டு வந்து மூன்று வருஷம் ஆகியும், மாதவிலக்கு வரவில்லை என்றால். ரோமம் வளர்ந்திருக்கிறதே என்று மட்டும் சமாதானம் ஆகிவிட வேண்டாம், அது பெரும்பாலும் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியின் வேலை, சினைப்பை விழித்துக்கொண்டதற்கு அது சாட்சி ஆகாது.

போனால் என்ன செய்வார்கள் என்ற பயம்தான் பிள்ளைகளுக்குப் பெரிது. முதலில் உயரம், எடை. அப்புறம் குடும்பக் கதை: அம்மாவுக்கு எப்போது வந்தது, அப்பா எப்போது வளர்ந்தார். அப்பாவைக் கேட்டால் சிலர் சிரிப்பார்கள், ஆனால் "நான் ஸ்கூல் முடிச்ச பிறகுதான் உயரமானேன்" என்று ஓர் அப்பா சொன்னால் அது எங்களுக்குப் பெரிய துப்பு. தாமதமாகப் பருவமடையும் போக்கு அப்பா வழியிலும் வரும். பிறகு இடது கைக்கு ஓர் எக்ஸ்ரே. விரல் எலும்புகளின் நுனியில் இன்னும் வளரும் குருத்தெலும்பு படத்தில் கறுப்புக் கோடாகத் தெரியும், மணிக்கட்டில் சின்னச் சின்ன எலும்புகள் எத்தனை உருவாகியிருக்கின்றன, என்ன வடிவத்தில் இருக்கின்றன என்றும் பார்த்து எலும்புக்கு என்ன வயது என்று சொல்லிவிடலாம். பிறந்த தேதிப்படி 14, எலும்பின்படி பதினொன்றரை என்று வந்து, மற்றச் சோதனைகளும் சரியாக இருந்தால், அந்த உடம்பு தன் கணக்குப்படி இன்னும் பதினொன்றரையில்தான் இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் பின்னாடி வளர்ந்துவிடுவார்கள், வளரும் அந்தக் குருத்தெலும்பு இன்னும் எலும்பாகி மூடாமல் இருப்பதால் உயரத்திலும் பிடித்துவிடுவார்கள். குழந்தை பெறுவதற்கும் இந்த வகைத் தாமதத்துக்கும் சம்பந்தம் இல்லை.

அடுத்து அடிக்கடி பார்ப்பது எடை. மூளையில் ஹைப்போதாலமஸ் என்ற பகுதி விட்டு விட்டு அனுப்பும் ஹார்மோன்தான் அதற்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியையும், அதன் வழியாகச் சினைப்பையையும் எழுப்புகிறது. உடம்பில் கொழுப்புச் சேமிப்பு போதவில்லை என்றால் மூளை அந்த வேலையைத் தள்ளிப்போட்டுவிடும். சாப்பாட்டைக் குறைத்து மெலியப் பார்க்கும் பெண்கள், ஜிம்னாஸ்டிக்ஸ், நீண்ட தூர ஓட்டம் என்று கடுமையாகப் பயிற்சி எடுத்துவிட்டு அதற்குத் தக்கபடி சாப்பிடாதவர்கள், இவர்களுக்கு மருந்தைவிடத் தட்டில் விழும் சோறுதான் முதலில் தேவை. விளையாட்டை விட்டுவிடு என்று நான் சொல்வதில்லை, பயிற்சியாளரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்வேன்.

தைராய்டு குறைவு, குடல் நோய், சிறுநீரக நோய் இவையும் தள்ளிப்போடும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வயதுக்கு மிகவும் குள்ளமாக இருந்தால் குரோமோசோம் பார்ப்போம், ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு டர்னர் சிண்ட்ரோம் இருக்கிறது, அதாவது இரண்டு X குரோமோசோமில் ஒன்று இல்லாமலோ குறைபட்டோ இருக்கும், பெரும்பாலும் சினைப்பை சரியாக வேலை செய்யாது. வாசனையே தெரியாது என்று ஒரு பெண் சொன்னால் அதையும் குறித்துக்கொள்வோம், கால்மன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாட்டில் வாசனை தெரியாததும் பருவம் வராததும் சேர்ந்தே வரும். மார்பு நன்றாக வளர்ந்து, மாதாமாதம் அடிவயிறு மட்டும் வலித்து, ரத்தம் வெளியே வராமல் இருந்தால் வழி அடைபட்டிருக்கலாம். இதற்கு வயதுக்கணக்குப் பார்த்துக் காத்திருக்கவே கூடாது. தலைவலியோடு பார்வை மங்கினாலும், மார்பில் பால் கசிந்தாலும் அப்படித்தான்.

ஒரு விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். "வரவழைக்க" என்று யாரோ சொன்ன மாத்திரையைக் காரணம் பார்க்காமல் வாங்கிக் கொடுப்பது. சினைப்பையின் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சுரக்காத உடம்பில் கருப்பையின் உள்சுவர் தடிக்கவே இல்லை, அங்கே அந்தப் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மாத்திரையைக் கொடுத்தால் எது வெளியே வரும்? கருத்தடை மாத்திரையில் எடுத்த எடுப்பில் ஆரம்பிப்பதும் தப்பு, ரத்தம் வரும், வீட்டில் நிம்மதி ஆவார்கள், ஆனால் மார்பு சரியாக வளராமலும் எலும்பு முன்னதாகவே மூடியும் போகலாம். சிகிச்சை தேவைப்பட்டால் மிகக் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜனில் தொடங்கி இரண்டு வருஷம் போல மெல்ல மெல்ல ஏற்றுவோம், அதற்குப் பிறகுதான் புரோஜெஸ்டிரோன். பலருக்கு அதுவும் வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து அளந்துவிட்டுப் போனால் போதும். அதற்காகப் பதினேழு பதினெட்டு வரை பார்க்கலாம் என்று விட்டுவிடவும் முடியாது, எலும்புக்கு வலு ஏறுவது இந்த வயதில்தான், அதற்கு ஈஸ்ட்ரோஜன் வேண்டும்.

கடைசி வரிசைக்கு: சோதனைக்குப் போனால் உள்ளே கைவிட்டுப் பார்ப்பார்களோ என்று பயப்படுகிறீர்கள், தெரியும். பெரும்பாலும் தேவைப்படாது. நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் வயிற்றின் மேலேயே ஸ்கேன் எடுத்துவிடலாம். அம்மா கூட இருக்க வேண்டுமா, வெளியே நிற்க வேண்டுமா என்று நீங்களே சொல்லலாம். எதைத் தொடப்போகிறார்கள், எதற்கு என்று கேட்டுக்கொண்டு பிறகு சரி சொல்லுங்கள். பீரியட்ஸ் வந்த பிறகும் முதல் இரண்டு வருஷம் ஒழுங்காக வராது, 21 நாளிலும் வரும், 45 நாளிலும் வரும், அதற்காக மறுபடியும் பதற வேண்டாம்.

சீட்டு கொடுத்திருக்கிறார்கள், கேள்வியை எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம், வயதும் மொட்டு வந்த மாதமும் மட்டும் எழுதினால் என்னால் பதில் சொல்ல முடியும்.