பஞ்சும் நெருப்பும்

(தீத்தொண்டு வாரக் கூட்டத்தில் பேசியது)

தலைமை தாங்கும் குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர் ஐயா அவர்களே, சீருடையோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தீயணைப்பு நிலைய அலுவலர் அவர்களே, வார்டு கவுன்சிலர் அம்மா அவர்களே, பந்தலும் மைக்கும் தந்த அரிசி மண்டி அண்ணாச்சி அவர்களே, தாய்மார்களே, தம்பிகளே, வணக்கம்.

ஏப்ரல் 14 நமக்குச் சித்திரைப் பிறப்பு. தீயணைப்பு வீரர்களுக்கு நீத்தார் நினைவு நாள். அதற்குக் காரணம் ஒரு கப்பல். அது வந்த கதை, வெடித்த கதை, அதிலிருந்த தங்கத்தின் கதை என்று மூன்றாகச் சொல்கிறேன்.

ஃபோர்ட் ஸ்டிக்கின். 1942இல் கனடாவின் பிரின்ஸ் ரூபர்ட்டில் போருக்காக அவசரமாகக் கட்டிய நீராவிச் சரக்குக் கப்பல், 7,142 டன். 1944 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டிலிருந்து கிளம்பியபோது அதில் சுமார் 1,400 டன் வெடிபொருள், ஸ்பிட்ஃபயர் விமானங்கள், தங்கக்கட்டிகள். கராச்சியில் விமானங்களை இறக்கிவிட்டு, காலியான இடத்தில் 8,700 பொதி பஞ்சை ஏற்றினார்கள். கேப்டனுக்கு மனசே இல்லை. போர்க்காலம், இடம் வீணாகக் கூடாது. என் பாட்டி சொல்வார், பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்காதே என்று. இங்கே இரண்டாம் சரக்கறையில் அடியில் பஞ்சு, மேல்தட்டில் வெடிமருந்து!

ஏப்ரல் 12இல் பம்பாய் விக்டோரியா டாக். 14ஆம் தேதி மதியச் சாப்பாடு முடிந்து ஆட்கள் திரும்பியபோது அந்த அறையிலிருந்து புகை. தண்ணீர் பாய்ச்சப் பாய்ச்ச, எரிகிற பஞ்சு மிதந்து மேலே ஏறியது. கப்பலை வெளியே இழுப்பதா, அங்கேயே மூழ்கடிப்பதா? துணிந்து ஒருவரும் முடிவெடுக்கவில்லை. 4:06க்கு முதல் வெடிப்பு, 4:34க்கு அடுத்தது. குழாயைப் பிடித்து நின்றவர்களில் 66 பேர் திரும்பவில்லை. செத்த பொதுமக்கள் பல நூறு.

அந்தத் தங்கம் என்ன ஆயிற்று? 31 பெட்டி, பெட்டிக்கு 4 கட்டி. துறைமுகத்துக்குத் தள்ளி ஒரு வீடு. அங்கே ஓய்வுபெற்ற பார்சி இன்ஜினியர் ஒருவர். மேலே தடாலென்று சத்தம். கூரையைப் பிய்த்துக்கொண்டு வராந்தாவில் என்னவோ விழுந்து கிடக்கிறது. போய்ப் பார்க்கிறார். தங்கம்! ஏறக்குறைய 12.7 கிலோ! தாய்மார்களே, யோசித்துப் பாருங்கள், ஊரே எரிகிறது, கேட்க ஆளில்லை. அந்த மனுஷர் அதை அப்படியே ஒப்படைத்தார். கைதட்டுங்கள், அவர் கேட்கட்டும்! மற்ற கட்டிகள் சேற்றுக்குள் போய், தூர்வாரும்போது பல வருஷம் கழித்தும் ஒன்றிரண்டு வந்தன.

சரி, நம்ம தெருவுக்கு வருகிறேன். நேற்று 3 அடுக்குமாடிகளில் மாடிப்படிக்குக் கீழே குனிந்து பார்த்தேன். மீட்டர் பெட்டி. அதை ஒட்டிப் பழைய பேப்பர் கட்டு, பஞ்சு வெளியே வந்த மெத்தை, ஒரு இடத்தில் பெயிண்ட் டின். மேலே நான்கு குடும்பம், இறங்க அந்த ஒரே படி. பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைத்திருக்கிறோம், அம்மா! கராச்சியிலாவது போர் என்றார்கள். நமக்கு என்ன அவசரம்?

ஞாயிறு காலை 7 மணிக்கு ஆறு பேர் ஒரு தள்ளுவண்டியோடு வருகிறோம். நிலைய அலுவலரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். வாசல் மேஜையில் நோட்டு இருக்கிறது. போகும்போது வீட்டு எண்ணை எழுதிவிட்டுப் போங்கள். மெத்தையைத் தூக்க எங்களுக்கு ஆள் தேவை.